"ஒரு பெட்டிதானே... வெச்சிடலாம் ஐயா!"

டெக் பக்கம்

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால், அந்தச் சொல் தடித்த எழுத்தாக மாறிவிடும். ஜிமெயிலில் கடிதம் எழுதும்போது 'பி', 'ஐ', 'யு' என்று ஒரு பட்டை எட்டிப் பார்க்கும். பிள்ளைகளின் பள்ளித் தளத்தில் டீச்சர் வீட்டுப்பாடம் போடும் இடத்திலும் அதே பட்டைதான். எழுத்தைத் தடிப்பாக்கலாம், சாய்க்கலாம், லிங்க் கொடுக்கலாம், படம் செருகலாம்.

இந்த வசதிகள் உள்ள பெட்டிக்கு 'ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்' என்று பெயர். வெறும் எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாதாரணப் பெட்டி 'டெக்ஸ்ட் ஏரியா'. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால், இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதை வைக்கப் போன புரோகிராமர்களைக் கேட்டுப்பாருங்கள்... ஆளுக்கொரு சோகக்கதை வைத்திருப்பார்கள்!

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரப் பக்கத்தை அவசியம் படிக்கக் கொடுங்கள். வெப்சைட்களில் கவிதை, கட்டுரை, விமர்சனம் எழுதிப் பறிகொடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் படியுங்கள்.

கல்லூரி மலர் ஆன்லைனுக்கு வருது!

ஓர் உதாரணத்துக்கு, ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு மலரை இந்த வருஷம் அச்சடிக்காமல் ஆன்லைனிலேயே கொண்டுவருவது என்று முடிவாகிறது. தமிழ்த் துறைப் பேராசிரியர்தான் மலர்க்குழுத் தலைவர். வெப்சைட் பொறுப்பு, கடைசி வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் ஒரு மாணவிக்கு.

"ஏம்மா, பசங்க அவங்கவங்க போன்லயே கதை, கவிதை எழுதி அனுப்புற மாதிரி செஞ்சிடலாமா? தலைப்பு பெருசா தெரியணும். வரி பிரிச்சா பிரிச்ச மாதிரியே வரணும். படமும் போடணும்" என்கிறார் பேராசிரியர்.

"ஒரு பெட்டிதானே... வெச்சிடலாம் ஐயா! ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்" என்கிறார் மாணவி.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. பெட்டியை வைப்பதற்கு இரண்டு நாள்கூட வேண்டாம், 10 நிமிஷம் போதும். அடுத்தவர் எழுதியதை அந்தப் பெட்டி பத்திரமாகக் காப்பாற்ற வேண்டுமே... வேலை அங்கேதான் இருக்கிறது.

பெட்டிக்கு ஒரு பூர்வ கதை

திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே அச்சிலும் வரும் எழுத்துக்கருவியை முதலில் உருவாக்கியது அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகம். 1974-ல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி குழுவினர் அங்கே எழுதிய 'பிராவோ' என்ற மென்பொருள்தான் இன்றைய எடிட்டர்களுக்கெல்லாம் பாட்டி. அதே சிமோனி பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய் 'வேர்டு' உருவாகக் காரணமாக இருந்தார்.

அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நிறுவும் மென்பொருள். பிரவுசருக்குள் இந்த வசதி வந்தது பிறகுதான். 2000-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 'கன்டென்ட்எடிட்டபிள்' என்ற ஒரு குறிப்பைக் கொண்டுவந்தது. வெப்பக்கத்தின் எந்தப் பகுதியிலும் அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் போதும், அந்த இடத்தில் கர்சர் துடிக்க ஆரம்பித்துவிடும், டைப் செய்யலாம். மற்ற பிரவுசர்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

வசதி வந்தது, வம்பும் கூடவே வந்தது. நீங்கள் என்டர் தட்டினால் உள்ளுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதில் பிரவுசர்களுக்குள் ஒற்றுமை இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் புதுப் பத்தியைத் தொடங்கும். குரோம் ஒரு புதுப் பெட்டியை உருவாக்கும். பழைய ஃபயர்ஃபாக்ஸோ வெறும் வரிமுறிவு மட்டும் போடும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். சேமித்துத் திரும்ப எடுத்துக் காட்டும்போது மூன்றும் மூன்று கோலம்.

தடித்த சாய்வெழுத்துக்கும் இதே நிலைமை. 'முதலில் தடிப்பு, அதற்குள் சாய்வு' என்று எழுதலாம். 'முதலில் சாய்வு, அதற்குள் தடிப்பு' என்றும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு. மீடியம் தளத்தில் இன்ஜினீயராக இருந்த நிக் சாண்டோஸ், இந்தக் கன்டென்ட்எடிட்டபிள் எவ்வளவு மோசமானது என்று 2014-ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். புரோகிராமர்கள் மத்தியில் அது இன்றும் பேசப்படுகிறது.

கூகுள் டாக்ஸ் தொடக்கத்தில் இதைத்தான் நம்பியிருந்தது. 2010-ல் அதைக் கைகழுவிவிட்டு, கர்சரைக்கூடத் தானே வரைந்துகொள்ளும் அளவுக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதியது. கூகுளே இப்படி ஓடியது என்றால், கல்லூரி மாணவி அதைக் கையால் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டலாமா?

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது?

மல்லுக்கட்டத் தேவையில்லை. மற்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய எடிட்டர்கள் தயாராக இருக்கின்றன.

பழைய கை இரண்டு. 2003-ல் ஃபிரெடரிகோ கால்டெய்ரா நாபென் என்பவர் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத் தொடங்கிய எஃப்சிகே எடிட்டர், இன்று 'சிகே எடிட்டர்' ஆகியிருக்கிறது. 2004-ல் வந்தது 'டைனிஎம்சிஇ'. 2018-க்கு முன்பு வேர்ட்பிரஸில் பிளாக் எழுதியவர்கள் தினமும் பார்த்த பட்டை இந்த டைனிஎம்சிஇதான். இரண்டிலும் வசதிகள் ஏராளம். அட்டவணை, வேர்டிலிருந்து பேஸ்ட் என்று கேட்பதெல்லாம் கிடைக்கும்.

அடுத்த தலைமுறை வேறு மாதிரி யோசித்தது. திரையில் தெரிவதை நம்பாமல், உள்ளே தனியாக ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டது. மளிகைக் கடையில் அலமாரியைப் பார்த்துச் சரக்கை எண்ணாமல், பேரேட்டைப் பார்த்து எண்ணுகிற மாதிரி. 'குவில்' எடிட்டர் இந்தப் பேரேட்டுக்கு 'டெல்டா' என்று பெயர் வைத்திருக்கிறது. 'இந்தச் சொல்லைச் சேர், அது தடிப்பு. அடுத்து இந்தச் சொல், அது சாதாரணம்' என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகும்.

'புரோஸ்மிரர்' இன்னும் ஒருபடி மேலே. மரைன் ஹாவர்பெக் என்ற புரோகிராமர் 2015-ல் ஆன்லைனில் நிதி திரட்டி இதைத் தொடங்கினார். இதில் பேரேட்டுக்கு முன்னாலேயே ஒரு சட்டம் எழுத வேண்டும். 'எங்கள் மலரில் தலைப்பு, பத்தி, படம், மேற்கோள் மட்டும்தான் இருக்கலாம்' என்று எழுதிவிட்டால், வேறு எதுவும் உள்ளே நுழையாது. யாராவது ஐந்து வண்ணத்தில் எழுதி பேஸ்ட் செய்தாலும் வண்ணம் வாசலிலேயே நின்றுவிடும். இதை நேரடியாகப் பயன்படுத்துவது கொஞ்சம் கடினம். அதனால், இதன் மேல் கட்டிய 'டிப்டாப்'பைப் பலர் எடுக்கிறார்கள். (நம்ம ஊர் 'டிப்டாப்' ஆசாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

ஃபேஸ்புக் 2016-ல் 'டிராஃப்ட்ஜேஎஸ்' என்ற எடிட்டரை இலவசமாகக் கொடுத்தது. பலர் நம்பி எடுத்தார்கள். பிறகு மெட்டா அதைக் கைவிட்டுவிட்டு, 2022-ல் 'லெக்ஸிக்கல்' என்ற புதிய எடிட்டரை வெளியிட்டது. பழையதை வைத்துத் தளம் கட்டியவர்கள் வீடு மாற்றும் வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி தந்தது என்பதற்காக எதுவும் நிரந்தரம் ஆகிவிடாது.

'இலவசம்' என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். குவில், புரோஸ்மிரர், லெக்ஸிக்கல், டிப்டாப்பின் அடிப்படைப் பகுதி ஆகியவை தாராளமான உரிமத்தில் வருகின்றன, வியாபாரத் தளத்திலும் தயங்காமல் வைக்கலாம். டைனிஎம்சிஇ 2024-ல் வந்த 7-ம் பதிப்பிலிருந்து 'ஜிபிஎல்' உரிமத்துக்கு மாறியது. சிகே எடிட்டர் 5-ம் அப்படியே. அந்த உரிமத்தின் நிபந்தனைகளுக்கு ஒத்துப்போக வேண்டும், முடியாது என்றால் பணம் கட்டி வேறு உரிமம் வாங்க வேண்டும். கல்லூரி மலருக்கு இது தலைவலி ஆகாது. நாளைக்கு அதே மாணவி ஒரு கம்பெனியில் சேர்ந்து, அதே பழக்கத்தில் எடுத்துப் போட்டால் ஆகும்!

சேர்ப்பது 10 நிமிஷம்... சரிசெய்வது?

நம் மாணவி குவில் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு காலி 'டிவ்' வைக்கிறார். 'என்பிஎம்' வழியாக குவிலை இறக்கி, இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்த டிவ்வோடு இணைக்கிறார். எடிட்டர் வந்துவிட்டது. ஆனால், பட்டையில் இருக்கும் ஐகான்கள் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. கூடவே வரும் 'சிஎஸ்எஸ்' ஃபைலைச் சேர்க்க மறந்துவிட்டார். சேர்த்ததும் சரியாகிவிட்டது.

ரியாக்டில் எழுதியிருந்தால் அடுத்த ஆச்சர்யம், ஒரே பெட்டிக்கு மேல் இரண்டு பட்டைகள். ரியாக்ட் 18-லிருந்து 'ஸ்ட்ரிக்ட் மோடு', சோதனைக்காக ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கும். இறக்கும்போது பழைய எடிட்டரைத் துடைக்கச் சொல்லித்தரவில்லை என்றால், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். துடைக்கும் வேலையையும் சேர்த்து எழுதுவதுதான் சரியான வழி. பலர் ஸ்ட்ரிக்ட் மோடையே அணைத்துவிடுகிறார்கள். சமையலறையில் புகை அலாரம் அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம் அது.

நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸில் எழுதியிருந்தால் 'டாக்குமென்ட் என்று ஒன்றே இல்லையே' என்று பிழை வரும். பக்கம் முதலில் சர்வரில் தயாராகிறது, அங்கே பிரவுசர் கிடையாது, எடிட்டரோ பிரவுசரைத் தேடுகிறது. பிரவுசருக்கு வந்தபிறகு எடிட்டரை ஏற்றச் சொன்னால் பிரச்னை தீரும்.

அடுத்தது, 'சமர்ப்பி' பட்டன். ஒரு மாணவர் இரண்டு பக்கக் கதை எழுதி அழுத்துகிறார். சர்வருக்குப் போனது வெறும் தலைப்பு மட்டும். ஃபார்ம், தனக்குச் சொந்தமான உள்ளீட்டுப் பெட்டிகளில் இருப்பதைத்தான் அனுப்பும். எடிட்டர் ஒரு டிவ்தானே, அதை ஃபார்ம் கண்டுகொள்ளாது. எடிட்டரிடம் கேட்டு உள்ளடக்கத்தை வாங்கி, நாமே அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஒன்றுமே எழுதாமல் சமர்ப்பித்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால், காலி குவில் பெட்டிக்குள் ஒரு வெற்றுப் பத்தியும் ஒரு வரிமுறிவும் எப்போதும் இருக்கும். 'காலியா?' என்று மேலோட்டமாகச் சோதித்தால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். எழுத்தை மட்டும் எடுத்து, ஓரங்களில் உள்ள இடைவெளியை வெட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தமிழ் வந்தால் தனிக் கதை

ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. பேராசிரியர் போனை எடுத்துத் தமிழில் ஒரு கவிதை டைப் செய்தார். "என்னம்மா இது, நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு காட்டுது?" என்றார்.

போன் கீபோர்டுகள் ஒரு சொல்லை முடிவாகும்வரை 'கம்போசிஷன்' என்ற இடைநிலையிலேயே வைத்திருக்கும். பரிந்துரையைத் தொட்டால் மொத்தச் சொல்லையும் அழித்துப் புதிதாக வைக்கும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று கேட்டால், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் சொல்லும். நம் மாணவியோ ஒவ்வொரு விசைக்கும் பெட்டியின் உள்ளடக்கத்தைத் திரும்ப எழுதும்படி புரோகிராம் செய்திருந்தார். விளைவு, பாதிச் சொல்லிலேயே கர்சர் முதல் வரிக்கு ஓடியது, எழுதிய சொல் இரண்டு முறை வந்தது. திரும்ப எழுதுவதை நிறுத்தி, எடிட்டர் சொல்லும் மாற்றத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வைத்ததும் நின்றது.

அடுத்தது எழுத்துக் கணக்கு. கம்ப்யூட்டருக்கு 'மி' என்பது ஓர் எழுத்து இல்லை. 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளியும் தனி. அதனால் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் 3 என்று சொல்லும். குழந்தை சொன்னதுதான் சரி!

'300 எழுத்துக்குள் எழுதவும்' என்று அறிவித்துவிட்டு இந்த நீளத்தை வைத்துத் தடுத்தால், தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் இடம் குறையும். முகப்புப் பக்கத்தில் கவிதையின் முதல் சில எழுத்தை மட்டும் காட்ட நடுவில் வெட்டினால் இன்னும் மோசம். 'தமிழ்' என்பதை நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். இதற்கு 'இன்டில் செக்மென்டர்' என்ற கருவி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. 2024-ல் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றுக்கொண்டதால், இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடும். 'தமிழ்' என்றால் 3 என்று சரியாகச் சொல்லும். 'க்ஷ'வை மட்டும் இரண்டாக எண்ணும், அதற்கு மன்னித்துவிடலாம்.

தேடலிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதை 'க'வோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால், ஒரு விதத்தில் எழுதிய 'கொலுசு'வை இன்னொரு விதத்தில் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பு 'நார்மலைஸ்' என்ற ஒற்றைக் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கடைசியாக, பேராசிரியரின் பழைய கட்டுரைகள். அவை பாமினி எழுத்துருவில் டைப் செய்தவை. பாமினியில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருவின் உருவத்தால் மட்டும் தமிழாகத் தெரிகிறது. எடிட்டரில் பேஸ்ட் செய்தவுடன், அது தன் கடமையைச் சரியாகச் செய்து எழுத்துருவை நீக்கிவிடுகிறது. தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிகிறது. எடிட்டர் மேல் தப்பில்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பேஸ்ட் செய்ய வேண்டும். 'எப்படி மாற்றுவது' என்று பெட்டிக்கு அருகிலேயே ஒரு வரி எழுதிவைப்பது, மாணவி பேராசிரியருக்குச் செய்யும் மரியாதை.

சாமி கதை தெரியுமா?

இதுவரை பார்த்தது தொல்லை. இனி வருவது ஆபத்து.

2005 அக்டோபர் 4. அன்று அமெரிக்க இளைஞர்களின் ஃபேஸ்புக்காக இருந்தது 'மைஸ்பேஸ்'. தங்கள் பக்கத்தை ஹெச்டிஎம்எல் போட்டு அலங்கரித்துக்கொள்ள அது அனுமதித்தது. 19 வயது சாமி கம்கார், தன் பக்கத்தில் எழுத்தோடு எழுத்தாக ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட்டை ஒளித்துவைத்தார். அந்தப் பக்கத்தை யார் பார்த்தாலும், அவர்கள் கணக்கிலிருந்து தானாகவே சாமிக்கு நட்பு அழைப்பு போகும். 'சாமிதான் என் ஹீரோ' என்ற அர்த்தத்தில் ஒரு வரி அவர்கள் பக்கத்திலும் ஏறும். கூடவே அந்த ஸ்கிரிப்ட்டும் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் பக்கத்தைப் பார்ப்பவருக்கும் அதே கதி.

20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கும் மேல் சாமியின் 'நண்பர்கள்' ஆகிவிட்டார்கள். தளத்தையே இறக்கிவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. விளையாட்டாகச் செய்தது வழக்கில் முடிந்து, மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் தண்டனையும் கிடைத்தது.

மைஸ்பேஸ் ஒன்றும் வாசலைத் திறந்துபோட்டுத் தூங்கவில்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையே தடைசெய்திருந்தது. சாமி அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதினார். தடுப்பு ஏமாந்தது, பிரவுசர் புரிந்துகொண்டது.

ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் வைக்கும் ஒவ்வொரு தளமும், முன்பின் தெரியாதவர் எழுதும் ஹெச்டிஎம்எல்லை வாங்கி மற்றவர்கள் போனில் ஓடவிடுகிறது. கல்லூரி மலரில் ஒருவர் இப்படி ஒரு ஸ்கிரிப்ட்டை வைத்தால், அதைத் திறந்து பார்க்கும் பேராசிரியரின் கணக்கிலிருந்து எல்லோருடைய படைப்பையும் அழிக்க முடியும்.

'எடிட்டரே இதையெல்லாம் வடிகட்டாதா?' என்று கேட்கலாம். ஓரளவு வடிகட்டும். ஆனால், எடிட்டர் ஓடுவது எழுதுபவரின் பிரவுசரில். விஷமம் செய்ய நினைப்பவர் எடிட்டரைத் தொடாமலேயே நேரடியாகச் சர்வருக்கு அனுப்பிவிடுவார். வீட்டு வாசலில் பூட்டுப்போட்டுச் சாவியைத் திருடன் கையில் கொடுத்தால் எப்படி?

அதனால், வடிகட்டும் வேலை சர்வரில் கட்டாயம் நடக்க வேண்டும். ஜெர்மனியின் 'க்யூர்53' நிறுவனம் உருவாக்கிய 'டோம்ப்யூரிஃபை' இதற்கு நம்பகமான இலவசக் கருவி. 'எது கூடாது' என்று பட்டியல் போடாமல், 'எது மட்டும் வரலாம்' என்று பட்டியல் போடுங்கள். சாமி சொல்லித்தந்த பாடம் அதுதான். லிங்க் கொடுக்கும் இடத்தையும் விடாதீர்கள். வெப் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கிரிப்ட்டை வைப்பது பழைய தந்திரம்.

போட்டோவும் போன் காலும்

இன்னும் இரண்டு சங்கடங்கள். குவிலில் படம் சேர்க்கும் பட்டனை அப்படியே விட்டுவைத்தால், படத்தை எழுத்தாக மாற்றிக் கட்டுரைக்குள்ளேயே திணித்துவிடும். 3 எம்பி போட்டோ சுமார் 4 எம்பி எழுத்தாக வீங்கும். எக்ஸ்பிரஸ் சர்வர் வழக்கமாக ஏற்றுக்கொள்வது 100 கேபி மட்டுமே. படம் வைத்த கட்டுரைகள் மட்டும் காரணம் புரியாமல் திரும்பிவரும். படத்தைத் தனியாக ஏற்றி, கட்டுரையில் அதன் முகவரியை மட்டும் வைப்பதே முறை.

இரண்டாவது, எழுதியது காணாமல் போவது. ஒரு மாணவி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை எழுதுகிறார். வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது, பேசிவிட்டுத் திரும்புகிறார். போனில் நினைவகம் குறைவு என்பதால் பிரவுசர் அந்தப் பக்கத்தைக் கைவிட்டு, புதிதாக ஏற்றுகிறது. பெட்டி காலி. அந்தக் கதையை அவர் மறுபடி எழுதுவார் என்று நினைக்கிறீர்களா?

சில விநாடிகளுக்கு ஒருமுறை, எழுதியதை போனிலேயே 'லோக்கல் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் சேமித்துவைக்க ஒரு பத்து வரி புரோகிராம் போதும். திரும்ப வந்ததும், 'விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?' என்று கேட்கலாம். ஆனால், பெரும்பாலான எடிட்டர்களை அப்படியே எடுத்து வைத்தால் இது தானாக வராது. சேர்ப்பவர் நினைத்துச் செய்தால்தான் உண்டு.

பெட்டி வைக்கும் முன்பு 7 கேள்விகள்

1. ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் உண்மையிலேயே தேவையா? முகவரியும் புகாரும் வாங்க டெக்ஸ்ட் ஏரியாவே போதும்.

2. உரிமம் என்ன? கல்லூரிக்குச் சரி, கம்பெனிக்குச் சரியா?

3. கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார்கள்? கைவிட்ட எடிட்டர் என்றால் தள்ளிவையுங்கள்.

4. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் தமிழில் டைப் செய்து பார்த்தீர்களா? லேப்டாப்பில் ஆங்கிலத்தில் பார்த்தது கணக்கில் வராது.

5. வேர்டிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் பேஸ்ட் செய்து பார்த்தீர்களா?

6. சர்வரில் வடிகட்டி இருக்கிறதா?

7. பாதியில் போன் அணைந்தால், எழுதியது திரும்பக் கிடைக்குமா?

எழுதுகிறவர்களுக்கு...

முன்பின் தெரியாத தளத்தில் நீளமாக எழுதுகிறீர்களா? முதலில் போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பில் எழுதிவிட்டு, பிறகு பேஸ்ட் செய்யுங்கள். பேஸ்ட் செய்தால் எழுத்து கோணல்மாணலாக வருகிறதா? கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பெரும்பாலான பிரவுசர்களில் வெறும் எழுத்து மட்டும் வரும். சமர்ப்பிக்கும் முன்பு ஒருமுறை எல்லாவற்றையும் காப்பி செய்துவைத்துக்கொள்வது, எந்தத் தளமாக இருந்தாலும் நல்ல பழக்கம்.

நம் கல்லூரிக்குத் திரும்புவோம். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு மாணவிக்கு மூன்று வாரம் ஆனது. பட்டையில் இருந்த பதினைந்து பட்டன்களில் ஐந்தை மட்டும் விட்டுவைத்தார். எழுத்துக் கணக்கு ஒழுங்கானது. வடிகட்டி சர்வரில் ஏறியது.

பேராசிரியர் மறுபடி போனை எடுத்து, பாதிக் கவிதை எழுதியபோது அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எழுதிய எட்டு வரிகளும் புள்ளி விலகாமல் அப்படியே இருந்தன.

"பெட்டி நல்லா இருக்கும்மா" என்றார்.

"ரெண்டு நாள்னு சொன்னது தப்புங்க ஐயா" என்றார் மாணவி.